60 மீட்டரில் அம்பு சேர்கிறது. வேட்டையில் எத்தனை மீட்டர் வரை எய்யலாம்?

செந்தூல் வில்லாளி:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகக் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்தது) பழகி வருகிறேன். தொடக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், குளிர்சாதனக் காற்றில், 18 மீட்டரில். இப்போது ஒன்றரை மாதமாக கோலாலம்பூருக்கு வெளியே உலு லங்காட் பக்கம் ஒரு திறந்த களத்தில் 60 மீட்டரில் எய்கிறேன். வில்லின் இழுவிசை 60 பவுண்டு. அம்பின் வேகம் நொடிக்கு 80 மீட்டர் என்று கடைக்காரர் கருவி வைத்து அளந்து சொன்னார்.

ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் போகிறேன். பெரியப்பா மகன் அங்கே மாட்டுப் பண்ணைகளில் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கிறார். பண்ணைக்காரர் ஒருவர் தம் நிலத்தில் வில் வேட்டைக்கு அனுமதி தந்திருக்கிறார். காட்டுப்பன்றி நிறைய, புள்ளிமானும் உண்டாம்.

போன ஞாயிறு 60 மீட்டரில் ஆறு அம்புகளில் நான்கை ஒரு ரொட்டி சானாய் (பரோட்டா) அகலத்துக்குள் சேர்த்துவிட்டேன். மானின் நெஞ்சுக்கூடும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்கிறார்கள். அப்படியானால் வேட்டையிலும் 60 மீட்டரை என் எல்லையாக வைத்துக்கொள்ளலாமா? அந்தக் குவீன்ஸ்லாந்து அண்ணன் 30 என்கிறார். அவர் பழைய காலத்து ஆள் என்பது என் எண்ணம்.

தோட்டத்துப் பேரன்:
தம்பி, பன்றிக்காக விமானம் ஏற வேண்டுமா? என் தாத்தா கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான்கு நாய்களும் ஓர் ஈட்டியும்தான். மதியத்துக்குள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லா வீட்டிலும் மிளகு மணக்கும். இன்று அந்தத் தோட்டம் முழுதும் செம்பனை (எண்ணெய்ப் பனை). பன்றி இன்னும் வருகிறது.

நாணேற்றி:
பேரன், தாத்தா கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இளைஞர்களைச் சிக்கலில் மாட்டி விடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 716, தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. காட்டுப்பன்றியை வேட்டையாடவும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். ரூசா மானுக்கும் (கடமான்) கிஜாங்குக்கும் (கேளையாடு) 2009இலேயே வேட்டையை நிறுத்தி வைத்தார்கள். புலிக்குத் தின்ன மான் இல்லாமல் போனதுதான் காரணங்களில் ஒன்று. வில்லை எடுத்துக்கொண்டு செம்பனைக்குள் இறங்கும் முன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். தம்பி ஆஸ்திரேலியா போவதே நல்லது. அங்கே காட்டுப்பன்றி அழிக்கப்பட வேண்டிய தொல்லை விலங்கு. நிலத்துக்காரர் அனுமதி கையில் இருக்கிறது.

பாலிக் புலாவ் அண்ணன்:
கேள்விக்கு வருகிறேன். முதலில் பாராட்டு. 60 மீட்டரில் ஆறுக்கு நான்கு என்பது மூன்று ஆண்டுப் பழக்கத்துக்கு நல்ல கை. ஆனால் உங்கள் அண்ணன் பழைய காலத்து ஆள் இல்லை, கணக்குத் தெரிந்த ஆள்.

காகித இலக்கு நகராது, மான் நகரும். உங்கள் அம்பு 60 மீட்டரைக் கடக்க முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஒலி நொடிக்கு 340 மீட்டருக்கு மேல் போகும். நாண் அடிக்கும் ஓசை 0.17 நொடியில் மானின் காதில் விழுந்துவிடும். அதற்குப் பிறகும் அரை நொடிக்கு மேல் அதன் கையில் இருக்கிறது. புள்ளிமான் அதிர்ந்தால் ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழும். பாய்வதற்கு முன் நாம் முழங்காலை மடக்குவது போலத்தான். வெறும் 0.3 நொடி தன் எடையிலேயே அது கீழே விழுந்தாலும் 44 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நெஞ்சுக்குக் குறி வைத்த அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது முதுகெலும்புக்குப் பக்கத்தில் சதையில் தைக்கும். இரண்டாவதுதான் கொடுமை. அந்த மானை நீங்கள் இரவெல்லாம் தேடுவீர்கள், அகப்படாது.

20 மீட்டரில் இதே கணக்கைப் போடுங்கள். அம்புக்குக் கால் நொடி. ஒலி போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சுவது 0.2 நொடிகூட இல்லை. மான் திடுக்கிடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று, தூரத்தை மதிப்பிடுவது. உங்கள் வேகத்தில் 60 மீட்டரில் ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால் அம்பு நான்கரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தோ தாழ்ந்தோ போகும். மூன்று மீட்டர் தவறினால் சுமார் 14 சென்டிமீட்டர். உங்கள் ரொட்டி சானாய் அதோடு போயிற்று. 20 மீட்டரில் அதே மூன்று மீட்டர் தவறுக்கு நான்கைந்து சென்டிமீட்டர்தான் விலகும். லேசர் தூரமானி இருக்கிறது என்பீர்கள். நீங்கள் அளந்து முடித்து வில்லை இழுப்பதற்குள் பன்றி நான்கு எட்டு வைத்திருக்கும்.

செந்தூல் வில்லாளி:
கணக்கு புரிகிறது அண்ணன். அப்படியென்றால் ஒன்றரை மாதமாக 60 மீட்டரில் நான் எய்ததெல்லாம் வீணா? களத்துக்குப் போய் வரப் பெட்ரோல், டோல் என்று செலவு. அமெரிக்கக் காணொளிகளில் 100 கஜத்தில் பலூன் உடைக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

கோம்பாக் கௌரி:
வீண் என்று யார் சொன்னது தம்பி? பாலிக் புலாவ் அண்ணன் வேட்டையில் எய்வதைப் பற்றிச் சொன்னார், பழகுவதைப் பற்றி அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் ரிகர்வ் வில்லில் (சக்கரம் இல்லாத, முனை வளைந்த வில்) 70 மீட்டர் போட்டிகளில் எய்தவள். ஒலிம்பிக்கிலும் அதே தூரம்தான். இலக்குத் தாள் 122 சென்டிமீட்டர், நடுவிலிருக்கும் பத்து மதிப்பெண் வட்டம் 12.2 சென்டிமீட்டர். நம் நாட்டின் கைருல் அனுவார் முகமட் மூன்று ஒலிம்பிக்கில் நின்று எய்ததும் அந்த வட்டத்துக்குத்தான். அந்தத் தூரத்தில் பழகிய யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: தூரம் பொய் சொல்லாது. 18 மீட்டரில் நீங்கள் பிடியை இறுக்கினாலும் அம்பு இலக்கின் நடு மஞ்சளுக்குள்தான் இருக்கும், தவறு தெரியாது. அதே இறுக்கம் 60 மீட்டரில் அம்பை வெளியே நீலத்துக்குத் தள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணிலிருந்து சைட் பின் (வில்லில் குறிபார்க்கும் ஊசி, தூரத்துக்கு ஒன்று) வரை சுமார் 80 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பின் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 20 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் விலகும், 60 மீட்டரில் ஏழரை. உங்கள் கையின் நடுக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கும், சந்தேகம் வேண்டாம்.

ஆகவே 60 மீட்டரில் மதிப்பெண்ணை எண்ணாதீர்கள், அம்புகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். எல்லாம் வலப்புறமாகச் சரிந்தால் முதலில் சைட்டின் நீர்மட்டக் குமிழைப் பாருங்கள். வில்லைச் சாய்த்துப் பிடிப்பது அருகில் தெரியாது, தொலைவில்தான் காட்டிக் கொடுக்கும். மேலும் கீழுமாகச் சிதறினால் தாடையில் கை ஊன்றும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அல்லது இழுப்பை முழுதும் முடிக்காமல் தளர்த்துகிறீர்கள். ஒரே ஓர் அம்பு மட்டும் எப்போதும் தனியாகப் போனால் அதற்கு எண் எழுதி வையுங்கள். குற்றம் உங்களுடையதாக இருக்காது, அந்த அம்பினுடையது.

60இல் ஒரு மணி நேரம் எய்துவிட்டு 25க்கு வந்து நில்லுங்கள். இலக்கு கதவு போலத் தெரியும். தொலைவுப் பயிற்சியின் பலன் அங்கேதான் இருக்கிறது.

நாணேற்றி:
100 கஜப் பலூன்காரர்கள் முட்டாள்கள் இல்லை. உடையாத பலூன்களை வெட்டி எறிந்துவிட்டுக் காணொளி போடுகிறார்கள், அவ்வளவுதான்.

தோட்டத்துப் பேரன்:
நம் வல்வில் ஓரி மட்டும் என்ன? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு! கொல்லிமலையில் தூரமானி ஏது?

பாலிக் புலாவ் அண்ணன்:
பேரன், அந்தக் காட்சியை நன்றாக நினைத்துப் பாருங்கள். யானையைத் துளைத்து வெளியேறி அடுத்த நான்கையும் தைக்க வேண்டுமானால் ஓரி யானையின் வயிற்றுக்குக் கீழேயே நின்றிருக்க வேண்டும். ஓரியே நம் கட்சி! புலவரும் அம்பின் வலிமையைத்தான் புகழ்ந்தார், தொலைவை அல்ல.

செந்தூல் வில்லாளி:
உடும்பு என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் களத்தில் ஓர் உடும்பு, ஆள் நீளம் இருக்கும், 40க்கும் 50க்கும் இடையில் தினமும் குறுக்கே நடக்கும். அது கடக்கும் வரை எல்லாரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு நிற்போம். அவசரமே படாது.

கோம்பாக் கௌரி:
அதற்குத் தெரியும், நீங்கள் 60க்கு சைட் வைத்திருக்கிறீர்கள் என்று.

நெருங்குவது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கோம்பாக்கில் ஒராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அங்கே ஊதுகுழல்கள் வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாத ஒரு குச்சி அம்பு, அதன் முனையில் ஈப்போ மரத்து நச்சுப் பால். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். அந்தக் குச்சியை வைத்துக்கொண்டு காட்டில் உணவு தேடியவர்களின் வித்தை, ஊதுவதில் பாதி என்றால் சத்தமில்லாமல் அடி வைப்பதில் பாதி. தம்பி, காய்ந்த செம்பனை ஓலைமேல் சத்தமில்லாமல் பத்து அடி நடக்க முடியுமா? அதற்கு எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்?

செந்தூல் வில்லாளி:
ஒரு நாளும் இல்லை அக்கா.

மழைக்கால மணி:
புதியவன் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் எல்லாரும் பயிற்சி முனையில்தான் எய்கிறீர்களா? வேட்டைக்குப் பிராட்ஹெட் (அலகு வைத்த வெட்டுமுனை) போட்டால் அம்பு அதே இடத்தில் விழுமா?

பாலிக் புலாவ் அண்ணன்:
இந்த இழையின் மிக நல்ல கேள்வி இதுதான். பலர் விமானம் ஏறிய பிறகே இதை யோசிக்கிறார்கள். எடை ஒன்றாக இருந்தாலும் பிராட்ஹெட்டின் அலகுகள் காற்றைப் பிடிக்கும்; அம்பின் முன்பக்கத்திலும் இறகு முளைத்தது போல. வில்லிலிருந்து அம்பு நேராகக் கிளம்பாவிட்டால் முன்முனை தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். 20 மீட்டரில் இரண்டு விரல் அகலம் வித்தியாசம் இருந்தால் 60 மீட்டரில் அது பல மடங்காக இருக்கும். முதலில் இறகில்லாத அம்பு ஒன்றை அருகில் எய்து அது நேராகப் போகிறதா என்று பார்த்து அம்புதாங்கியைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பிராட்ஹெட்டும் பயிற்சி முனையும் ஒரே இடத்தில் விழும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். இங்கேதான் 60 மீட்டர் களம் தங்கம். அருகில் ஒன்றாகத் தோன்றும் இரண்டும் அங்கே பிரிந்து நிற்கும்.

ஆனால் களத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். பிராட்ஹெட் பொது ஃபோம் இலக்கைக் கிழித்துவிடும், பல இடங்களில் விடமாட்டார்கள். எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இங்கே பாலிக் புலாவில் ஒரு நண்பரின் நிலத்தில் 70 மீட்டர் வைத்து எய்தேன். பின்னால் மண்மேடு இல்லை, பச்சை வலை மட்டும். கை வழுக்கி, நாணை விடுவிக்கும் ரிலீஸ் முந்திவிட்டது. அம்பு இலக்குக்கு மேலே பறந்து பக்கத்து டுரியான் தோட்டத்துக்குள் போய்விட்டது. பழம் விழும் பருவம், உள்ளே ஆட்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்பு ஒரு மரத்தில், என் நெஞ்சு உயரத்தில் தைத்திருந்தது. அதைப் பிடுங்கும்போது எனக்குக் கால் நிற்கவில்லை. அன்றிலிருந்து மேடு இல்லாத இடத்தில் 30 மீட்டரும் எய்வதில்லை.

நாணேற்றி:
மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் மதியம் மூன்று மணிக்கு மேல் திறந்த களத்தில் இடி கேட்டால் மூட்டை கட்டிவிட வேண்டும். வான்கோழி இறகு கட்டிய அம்பு நனைந்தால் கோழிக்குஞ்சு போலச் சுருண்டுவிடும். நம் ஊருக்குப் பிளாஸ்டிக் இறகே தோது.

கோம்பாக் கௌரி:
தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை முப்பது அம்பு எய்து கை சூடான பிறகு வரும் ஆறுக்கு நான்கை மறந்துவிடுங்கள். வேட்டையில் உங்களுக்குக் கிடைப்பது ஓர் அம்பு, அதுவும் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த உடம்போடு. வேலைக்குப் போகும் முன் களத்துக்குப் போய், காரிலிருந்து வில்லை எடுத்து, ஒத்திகை இல்லாமல் ஒரே ஓர் அம்பு எய்யுங்கள். பட்டதா, இல்லையா என்று எழுதிவிட்டுக் கிளம்புங்கள். 20, 30, 40, 60 என்று நாளுக்கு ஒரு தூரம். 24 நாள்.

செந்தூல் வில்லாளி:
24 நாளா! செந்தூலிலிருந்து விடியற்காலையில் உலு லங்காட்டுக்கா?

கோம்பாக் கௌரி:
ஆமாம்.

செந்தூல் வில்லாளி:
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்னபடி செய்து முடித்தேன். நடுவில் நான்கு நாள் மழை. ஒவ்வொரு தூரத்துக்கும் ஆறு அம்பு. ரொட்டி சானாய் அகலத்துக்குள் விழுந்தவை:

20 மீட்டரில் ஆறுக்கு ஆறு. 30இலும் ஆறு, ஆனால் ஒன்று ஓரத்தில். 40இல் நான்கு. 60இல் இரண்டு.

இரண்டு! ஒரு நாள் 60இல் இலக்குத் தாளையே தொடவில்லை. ஆள் யாரும் பார்க்காததால் பிழைத்தேன். உடும்பு மட்டும் பார்த்தது.

35 மீட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். குவீன்ஸ்லாந்து அண்ணனிடம் சொன்னேன், "அதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன்" என்று சிரித்தார். ஐந்து மீட்டர் கூடுதல் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

கோம்பாக் கௌரி:
நல்லது. கிளம்பும் முன் இரண்டு விஷயம். ஒன்று, சரிவில் எய்தால் சாய்வுத் தூரத்துக்கு சைட் வைக்காதீர்கள், கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்று தூரமானி காட்டினால் 35க்கு எய்ய வேண்டும். மேல்நோக்கியும் அப்படியே, கீழ்நோக்கியும் அப்படியே.

இரண்டாவது, அம்பு நேர்கோட்டில் போவதில்லை, வளைந்து போகிறது. 35 மீட்டரில் நடுவழியில் உங்கள் பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே பறக்கும். மான் தெளிவாகத் தெரியும், வழியில் மேலே ஒரு கிளை இருக்கும், அதில் போய் இடிக்கும். இழுத்துப் பிடித்து 35க்கான பின்னை மான்மேல் வையுங்கள். கிளை சுமார் 20 மீட்டரில் இருக்கிறதென்றால் 20 மீட்டர் பின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது கிளைமேல் நின்றால் அம்பும் அங்கேதான் போகும். எய்யாமல் விட்டுவிடுங்கள்.

செந்தூல் வில்லாளி:
திரும்பி வந்துவிட்டேன். ஆறு நாள், இரண்டே அம்பு.

முதலாவது, மூன்றாம் நாள் மாலை. வறண்ட ஓடைப் படுகையில் ஒரு பன்றி சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் முகத்தில் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தேன், அக்காவின் செம்பனை ஓலை ஞாபகம் வந்தது. 19 மீட்டர். பன்றிக்கு இதயம் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கும் என்று பெரியப்பா மகன் படம் போட்டுக் காட்டியிருந்தார். முப்பது அடிகூட ஓடவில்லை.

இரண்டாவது புள்ளிமான். அந்தப் பக்கத்து மான்கள் 1886இல் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வழி என்று பண்ணைக்காரர் சொன்னார். நம் முன்னோர் வந்த இந்தியாவின் மான். அதைப் பார்க்க நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அந்தி வெளிச்சத்தில் புல்லுக்கு மேல் கழுத்தை நீட்டி நின்றது. தூரமானியில் 34. என் எல்லைக்குள். குமிழ் நடுவில், பின் நெஞ்சில், மூச்சு அடங்கியது. விட்டேன். "டக்" என்று மேலே ஓர் ஒலி. யூக்கலிப்டஸ் கிளை, கட்டை விரல் தடிமன். அம்பு சுழன்று புல்லில் விழுந்தது. மான் என்னைப் பார்த்து ஒரு முறை குரைத்துவிட்டுப் போய்விட்டது.

20 மீட்டர் பின்னை நான் பார்க்கவே இல்லை அக்கா.

கோம்பாக் கௌரி:
அம்பு கிடைத்ததா?

செந்தூல் வில்லாளி:
கிடைத்தது. பார்வைக்கு முழுதாக இருக்கிறது. சனிக்கிழமை அதையே எய்யலாம் என்றிருக்கிறேன்.

கோம்பாக் கௌரி:
எய்யாதே! இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே வை. கார்பன் தண்டில் விரிசல் இருந்தால் நாண் தள்ளும்போது உடைந்து வில்லைப் பிடித்த கையில் ஏறும்.

செந்தூல் வில்லாளி:
வளைத்தேன். கிர்ர் என்றது.

கோம்பாக் கௌரி:
இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடு. சனிக்கிழமை எட்டு மணிக்கு நானும் களத்துக்கு வருகிறேன். 17 மீட்டரில் குறுக்கே ஒரு கயிறு கட்டி நாளிதழைத் தொங்கவிடுவோம். 35இல் இலக்கு. தாளில் ஓட்டை விழாமல் எய்ய வேண்டும்.

செந்தூல் வில்லாளி:
நாளிதழ் நான் கொண்டுவருகிறேன் அக்கா. ஒரு வாரத்துத் தாள் இருக்கிறது.